தனிமரம் தோப்பாகாது!

ஆனைமலைக்கு அப்பால், பரம்பிக்குளத்துக் காட்டில் 'கன்னிமரா' என்றொரு தேக்கு நிற்கிறது. கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் கைகோக்க வேண்டும். பார்ப்போர் வியக்கிறார்கள். நாமும் வியக்கிறோம். ஆனால், ஒரு மரத்தைக் காத்துவிட்டால் தேக்கின் குலமே காப்பாற்றப்பட்டதாகிவிடுமா?

தேக்கு இயற்கையாக வளரும் நாடுகள் உலகில் நான்கே: இந்தியா, பர்மா எனும் மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். மலபாரின் கொட்டும் மழையிலும் அது வளர்கிறது. மத்தியப் பிரதேசத்தின் காய்ந்த குன்றிலும் வளர்கிறது. பெயர் ஒன்று, குணம் வேறு. 1840-களிலேயே தோட்டம் கண்ட நிலம்பூரில் தேக்கு நெடிதோங்கும். வறண்ட குன்றிலோ குட்டை, கோணல்! மர வியாபாரி அதைத் திரும்பியும் பாரான். ஆனால், மழை பொய்த்த ஆண்டில் தாக்குப்பிடிக்கும் திறம் அந்தக் கோணல் மரத்திடம் இருக்கக்கூடும் அல்லவா?

1970-களில் பல நாட்டுத் தேக்கு விதைகளைப் பல இடங்களில் நட்டுச் சோதித்தனர். இடம் மாறியபோது விதைகளின் தரவரிசையும் மாறியது!

இன்று பூமி சூடேறுகிறது. நெல்லென்றால் அடுத்த போகத்தில் விதையை மாற்றலாம். இன்று நடும் தேக்கு முற்றி வெட்டுக்கு வர 50, 60 ஆண்டாகும். அன்றைய வெயிலுக்கு எந்தக் குணம் வேண்டுமென்று இன்று சொல்ல வல்லவர் யார்? மரம் கால் முளைத்துக் குளிர்மலைக்கு நடந்துபோகுமா? அதன் கையிருப்பெல்லாம் தன் குலத்தின் பல்வகைக் குணந்தான்.

அந்தக் கையிருப்பைத்தான் கரைக்கிறோம். வேகமாக வளரும் ஒரு மரத்தின் திசுவிலிருந்து கன்றுகள் எடுத்து, ஏக்கர் ஏக்கராக நடுகிறார்கள். இலாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அத்தனையும் மரபால் ஒரே மரம்! ஒரு நோய்க்கு ஒன்று வீழ்ந்தால் எல்லாமே வீழும். பத்தாயிரம் நட்டாலும் தனிமரம் தனிமரமே!

ஆகவே நாம் கேட்கிறோம்: இயற்கைத் தேக்கங்காடுகளை, குறிப்பாக வறண்ட காடுகளை, நின்ற இடத்திலேயே காத்திடுக! கோவையிலே வன மரபியலுக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் அறிவு ஊர் நாற்றங்கால் வரை வரட்டும்!

தோழர்களே, விழாதோறும் மரக்கன்று நடுகிறோம். இனி ஒன்று கேட்டுவிட்டு நடுவோம்: "இந்த விதை எந்தக் காட்டினது? எத்தனை தாய்மரங்களினது?" பதில் வரும்வரை கேட்போம்!