அமுக்கரா சாப்பிடலாமா, அண்ணி?

“எதுலயும் மனசு ஒட்டலை. காலையில எழுந்திருக்கவே பிடிக்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுது...”

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, நாத்தனார் வீட்டுக்கு வந்த அண்ணி இப்படிச் சொன்னால் என்ன பதில் கிடைக்கும்?

“இதுக்குப் போய் டாக்டரா? நாட்டு மருந்துக் கடையில அமுக்கரா சூரணம் வாங்கிப் பால்ல கலந்து குடிங்க அண்ணி. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது!”

இந்த ‘ஒண்ணும் பண்ணாது’வில்தான் வம்பே இருக்கிறது. ஒன்றும் பண்ணாத பொருள் நோயை மட்டும் எப்படிக் குணப்படுத்தும்?

அமுக்கராவைக் குறை சொல்லவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்போடு சேர்த்துச் செய்யும் இந்தச் சூரணம் சித்த மருத்துவத்தில் பேர் பெற்றது. படபடப்பு, தூக்கமின்மைக்கு ஓரளவு கேட்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதமே நடந்த சிறிய ஆய்வுகள். மனச்சோர்வு நோய்க்கு இதுதான் மருந்து என்று அடித்துச் சொல்ல அது போதாது.

அண்ணி ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால்? அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. மாத்திரையும் சூரணமும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இருக்கிற தூக்கமும் போகும். இன்னொரு பக்கம், தைராய்டு குறைந்தாலோ, ரத்தம் குறைந்தாலோகூட மனசு இப்படித்தான் சோர்ந்து கிடக்கும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் சூரணம்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. (சூரணத்திலேயே சர்க்கரை சேர்ப்பதுண்டு. கவனித்திருக்கிறீர்களா?) கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வேண்டவே வேண்டாம். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடம்பு அரித்தால் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ மாத்திரை வேறு ரகம். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது பலன் தருவதாக நிறைய ஆய்வுகள் உண்டு. ஆனால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வேலையையே அது கெடுத்துவிடும். மனநல டாக்டர் தந்த மாத்திரையோடு சேர்த்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காக டாக்டர் தந்ததைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்!

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். “நான் இருந்து என்ன பிரயோஜனம்?” என்ற பேச்சு வந்துவிட்டால் எந்த மூலிகைக்கும் காத்திருக்காதீர்கள். தனியே விடாதீர்கள். பருத்தியும் சோளமும் விளையும் ஊர் நம்முடையது. பூச்சி மருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே. ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. இரவு, பகல் எப்போதும் பேசலாம், தமிழிலேயே.

சூரணம்தான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேளுங்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று அவர்கள் சொல்லட்டும். போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாத்தனார் வாங்கித் தந்த பொட்டலம் உட்பட!