தீயறிவிப்பு முறைமைகளின் பராமரிப்பும் மின்னிணைப்பாளரின் தகுதிப்பாடும்

இன்றைய கட்டடங்களிற் பொருத்தப்படும் சாதனங்களுள் தீயறிவிப்பு முறைமை தனித்தன்மை வாய்ந்ததொன்று. விளக்கு பழுதுற்றால் அறை இருளடைகின்றது. நீர்ப்பம்பி நின்றால் குழாய் வறண்டுபோகின்றது. அவற்றின் பழுதைப் பயன்படுத்துவோரே உடன் அறிந்துகொள்வர். தீயறிவிப்பு முறைமையோ ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்பதையே தன் இயல்பாகக் கொண்டது. செவ்வையாக உள்ள முறைமையும் செயலிழந்த முறைமையும் சாதாரண நாளொன்றிலே பார்வைக்கு ஒரே தன்மையினவாகத் தோன்றக்கூடும். அவற்றின் வேறுபாடு வெளிப்படும் நாள் மனித உயிர்கள் பணயமாக நிற்கும் நாளாகும். ஆதலின், அம்முறைமையைப் பராமரிப்பவரின் அறிவும் பயிற்சியும் பற்றிய வினாவை ஒரு சமூக வினாவாகவே நாம் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வினாவைப் பிரித்தானிய அனுபவத்தின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தீயறிவிப்பு முறைமைகளின் வடிவமைப்பு, பொருத்துகை, பராமரிப்பு ஆகியவற்றுக்கான விரிவான செந்நெறிகள் அங்கு நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளன. இலங்கையின் மின்னிணைப்பு நடைமுறையும் பிரித்தானிய மின்னிணைப்பு விதிகளைப் பெரிதும் தழுவியதேயாம்.

1. மின்னிணைப்பாளரின் அறிவும் அதன் எல்லையும்

பிரித்தானியாவில் மின்னிணைப்பாளர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகள் பயிலுநராகப் பணியாற்றி, பி.எஸ். 7671 எனும் மின்னிணைப்பு விதிகளைக் கற்றுத் தேர்ச்சி பெறுகின்றார். கம்பியின் பருமன், புவித்தொடுப்பு, உருகி, தடையளவீடு ஆகியன அவருக்குக் கைவந்தவை. இவ்வறிவின்றித் தீயறிவிப்பு முறைமையை எவராலும் தொடவியலாது. ஆயினும் இவ்வறிவு மாத்திரம் போதுமானதன்று. ஏன் போதாது என்பதைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்கலாம்.

முதலாவது, சுற்றின் கிளை பற்றியது. விளக்குச் சுற்றொன்றிலே தேவையான இடத்திற் கிளைபிரித்து மேலுமொரு விளக்கைப் பொருத்துதல் வழக்கமான செயல். மரபுவழித் தீயறிவிப்புச் சுற்றிலோ இது பெருந்தவறாகும். அச்சுற்றின் இறுதியில் ஒரு தடையி அல்லது அதனையொத்த உறுப்பு பொருத்தப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகை அவ்வுறுப்பினூடாகச் செல்லும் சிறு மின்னோட்டத்தை இடையறாது கண்காணிக்கின்றது. கம்பி அறுந்தால் அம்மின்னோட்டம் நின்றுவிட, பலகை பழுதெனக் காட்டுகின்றது. இடையிற் கிளைபிரித்து ஒரு புகையுணரியைப் பொருத்துவோமாயின், அக்கிளை அறுந்தாலும் முதன்மைச் சுற்றின் மின்னோட்டம் மாறாது. உணரி செயலற்றுக் கிடக்கும். பலகையோ யாவும் நலமெனக் காட்டிக்கொண்டிருக்கும். விளக்குச் சுற்றிலே திறமை எனக் கொள்ளப்படுவது இங்கு மறைந்திருக்கும் ஆபத்தாகிவிடுகின்றது.

இரண்டாவது, சோதனை பற்றியது. கம்பிகளின் காவற்றடையை 500 வோல்ற்று அழுத்தத்திற் சோதித்தல் மின்னிணைப்பாளரின் அன்றாடப் பழக்கம். ஏறத்தாழ 24 வோல்ற்றில் இயங்கும் உணரிகளையும் பலகையையும் கழற்றாது இச்சோதனையைச் செய்தால், அவற்றின் இலத்திரனியல் உறுப்புக்கள் பழுதுறும்.

மூன்றாவது, மின்கலவடுக்குப் பற்றியது. மின்வழங்கல் தடைப்பட்டபோதும் முறைமை இயங்குதல் வேண்டும். உயிர்ப்பாதுகாப்புக்கான முறைமைகளில் 24 மணிநேரம் காத்திருந்து, அதன்பின்னரும் அரைமணிநேரம் ஒலியெழுப்பத்தக்க மின்கலவடுக்குப் பொதுவாக வேண்டப்படுகின்றது. முதுமையடைந்த மின்கலவடுக்கின் முனைகளில் அழுத்தம் சரியாகவே இருக்கலாம். சுமையேற்றியதும் அது தளர்ந்துவிடும். அழுத்தமானி காட்டும் எண்ணை மாத்திரம் பதிந்துவிட்டுச் செல்பவர் உண்மையிற் சோதனை எதனையும் செய்தவராகார்.

நான்காவது, கட்டடம் பற்றியது. முறைமை மாறாதிருக்கக் கட்டடம் மாறுகின்றது. ஒரு மண்டபத்தை இரண்டாகத் தடுக்கும் சுவர், புகை உணரியைச் சேராவண்ணம் மறித்துவிடும். படுக்கையறையாக மாற்றப்பட்ட களஞ்சியத்தில் மணியோசை உறங்குவோரை எழுப்பப் போதாது. படுக்கைத் தலைமாட்டில் 75 டெசிபெல் ஒலி வேண்டுமெனப் பிரித்தானியச் செந்நெறி கூறுகின்றது. கம்பியை மாத்திரம் நோக்கப் பயின்ற கண் இவற்றைக் காணாது. புகை எவ்வாறு எழுந்து பரவும், மனிதர் எவ்வழி வெளியேறுவர் என்பவற்றையும் அறிந்த கண் வேண்டும்.

2. செந்நெறியும் சட்டமும்

மேற்குறித்த செந்நெறி பி.எஸ். 5839 எனப்படுவது. அதன் முதற்பகுதி வீடல்லாத கட்டடங்களுக்குரியது. 2017ஆம் ஆண்டிலும் பின்னர் 2025ஆம் ஆண்டிலும் திருத்தி வெளியிடப்பட்டது. வாரந்தோறும் கட்டடத்தைப் பயன்படுத்துவோரே கையால் இயக்கும் அறிவிப்பான் ஒன்றைச் சோதித்தல் வேண்டும். வாரத்துக்கு வாரம் வேறொன்றைத் தெரிதல் வேண்டும். ஏறத்தாழ ஆறுமாதத்துக்கொருமுறை தகுதிவாய்ந்தவர் முறைமையைப் பரிசோதித்தலும், ஓராண்டுக்குள் எல்லா உணரிகளும் சோதிக்கப்படுதலும், யாவும் பதிவேட்டில் எழுதப்படுதலும் வேண்டப்படுகின்றன.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புக் கட்டளை, தகுதி என்பதனைப் பயிற்சி, அனுபவம், அறிவு முதலிய பண்புகளின் போதுமை என விளக்குகின்றது. இவ்விளக்கத்தில் எந்தவொரு சான்றிதழும் பெயர்குறித்து வேண்டப்படவில்லை என்பது நோக்கற்பாலது. இந்நெகிழ்ச்சிக்கு நியாயம் உண்டு. சான்றிதழ் இல்லாத அனுபவசாலியை அது புறந்தள்ளவில்லை. ஆயின் மலிவான கூலியில் எவரையும் அனுப்பிவிட்டு, அவர் தகுதியுடையவரே என வாதிடுவதற்கும் அதுவே இடமளிக்கின்றது. இக்குறையை ஓரளவு நிரப்பும் பொருட்டு அந்நாட்டுத் தீப்பாதுகாப்புத் தொழிற்றுறையினர் வடிவமைத்தல், பொருத்துதல், தொடக்கிவைத்தல், பராமரித்தல் ஆகிய நான்கிற்கும் வெவ்வேறான தகைமைகளை வகுத்துள்ளனர். பொருத்தத் தெரிந்தவர் பராமரிக்கவும் தெரிந்தவராவார் எனும் எண்ணத்தை இப்பகுப்பு மறுக்கின்றது.

3. ரோஸ்பார்க் தரும் படிப்பினை

2004ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி அதிகாலையில், ஸ்கொட்லாந்தின் உடிங்ஸ்ரன் என்னும் ஊரிலிருந்த ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் தீ மூண்டு பதினான்கு முதியோர் உயிரிழந்தனர். பின்னர் நடைபெற்ற நீதிவிசாரணையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. தீயின் தோற்றுவாய், ஓர் அலுமாரியறையினுள் இருந்த மின்பகிர்வுப் பெட்டியில், கம்பியொன்றின் காவலுறை சேதமுற்றமையே என அறியப்பட்டது. அக்கட்டடத்தின் மின்னிணைப்புக்கள் உரியவாறு பரிசோதிக்கப்பட்டிருப்பின் இவ்வனர்த்தம் தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

அறிவிப்பு மணி அன்று ஒலிக்கவே செய்தது என்பதே இங்கு நமது கவனத்துக்குரியது. பலகை காட்டிய வலயம் கட்டடத்தின் எப்பகுதியைக் குறித்தது என்பதைப் பணியாளர் பிழையாக விளங்கிக்கொண்டு வேறிடத்தில் தேடினர். தீயணைப்புப் படையினருக்கு அழைப்புச் செல்ல ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் கழிந்தன. கம்பியும் உணரியும் மணியும் தத்தம் கடமையைச் செய்தபோதும், பலகையின் மொழி மனிதருக்கு விளங்காதவிடத்து அறிவிப்பு முழுமை பெறவில்லை. எனவே, வலயங்களின் பெயர்களும் வரைபடமும் கட்டடத்தோடு பொருந்துகின்றனவா, இரவுப் பணியாளர் அவற்றை வாசித்தறிவாரா என உசாவுதலும் பராமரிப்பின் ஒரு கூறேயாகும்.

4. பொய்யறிவிப்பு

இங்கிலாந்தின் தீயணைப்புப் படையினர் செல்லும் நிகழ்வுகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பொய்யறிவிப்புக்களாகும். அவை யாவும் சாதனங்களால் எழுவன அல்லவெனினும், அவ்வாறெழுவனவே பெரும்பான்மையினவாம். உணரியின் அறைக்குள் தூசு படிதல், சமையலறையின் அருகே பொருத்தமற்ற வகை உணரியை வைத்தல் முதலியன அவற்றின் காரணங்களுட் சில. ஸ்கொட்லாந்தின் தீயணைப்புச் சேவையினர் 2023ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதல், உறங்குமிடங்களல்லாத பெரும்பாலான தொழிலகங்களுக்கும் வணிக நிலையங்களுக்கும், தீ உண்டென உறுதிப்படாது தன்னியக்க அறிவிப்பை மாத்திரம் நம்பிச் செல்வதைக் கைவிட்டனர். அடிக்கடி பொய்யுரைக்கும் மணியை அங்கு பணிபுரிவோரும் நம்பாதொழிவர். மணியின் மீதான நம்பிக்கை தகர்ந்தபின், அதன் கம்பிகள் செவ்வையாக இருந்தும் பயன் சிறிதே.

5. பயிற்சி யாருடைய பொறுப்பு?

தகுதியை மின்னிணைப்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கமாக மாத்திரம் நோக்குதல் பொருந்தாது. மிகக்குறைந்த விலைகூறியவருக்கே ஒப்பந்தம் வழங்கப்படும் நிலையில், நூறு உணரிகளைச் சோதிப்பதற்கு ஒரு முற்பகலே அவருக்கு ஒதுக்கப்படலாம். அன்றையக் கூலியை இழந்து, தன் சொந்தச் செலவில் அவர் பயிற்சி பெறவேண்டியும் நேரலாம். பின்னர் அனர்த்தம் நேர்கையில் பதிவேட்டிற் கையொப்பமிட்ட அவரே முதலிற் குற்றவாளியாக்கப்படுவார். சோதிக்க வேண்டிய உணரிகளின் எண்ணிக்கைக்கேற்ற நேரம், கூலியுடன் கூடிய பயிற்சி, குறைகளை அஞ்சாது எழுதும் உரிமை ஆகிய மூன்றும் இன்றித் தகுதிப்பாடு பற்றிப் பேசுதல் வெறும் சொல்லலங்காரமாகவே முடியும்.

இலங்கையிலே ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பு ஏலவே உள்ளது. பொது மின்னிணைப்புத் தேர்ச்சியின் மேல், தீயறிவிப்புப் பராமரிப்புக்கென வகுக்கப்பட்ட பயிற்சி வைத்தியசாலை, ஆடைத் தொழிற்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றிற் பணிபுரிவோருக்குக் கிட்டுதல் அவசியம். அப்பயிற்சியும் அதற்கான கைந்நூல்களும் அவர்தம் தாய்மொழியிலேயே அமைதல் வேண்டும். விளங்காத மொழியில் எழுதப்பட்ட அறிவுறுத்தல், விளங்காத பலகையைப் போன்றதே. இத்துறைக்குரிய கலைச்சொற்களை ஆக்கி, தொழிலாளர் கையிற் சேர்ப்பிக்கும் பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு.