பழைய ஆட்டுப் பட்டியை விற்குமுன்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு வைத்திருக்கும் குடியானவர்களுக்கு ஆடு கைகொடுக்கும் செல்வம். ஆனால் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் மேய்க்க ஆள் இருப்பதில்லை. ஆடுகளைச் சந்தையில் விற்றபின் பட்டி மட்டும் வேலியோரம் கிடக்கும். அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் இரும்பின் எடைக்குத்தான் காசு. செய்கூலிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆடு வளர்க்கும் மற்றொரு குடியானவருக்கு விற்பதே இருவருக்கும் நல்லது.

விற்பவர் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். பத்தடி நீளமுள்ள 12 படல்கள் இருப்பதாகக் கொள்வோம். சதுரமாக நிறுத்தினால் பக்கத்துக்கு 30 அடி. உள்ளிடம் 900 சதுர அடி. பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி வேண்டும். குட்டிகளுக்கும் இடம் விட்டால் சுமார் 70 ஆடுகளை அடைக்கலாம். அதே படல்களை வட்டமாக நிறுத்தினால் உள்ளிடம் சுமார் 1,120 சதுர அடியாகிறது. மங்கோலிய நாட்டு மேய்ச்சல்காரர்கள் கழற்றி மாட்டும் தங்கள் வீட்டை வட்டமாகவே அமைக்கிறார்கள். விரித்துச் சுருக்கும் மரச் சட்டங்களை ஆட்டு ரோமக் கம்பளத்தால் மூடிய வீடு அது. அக்கைத்தொழிலை 2013-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குறைந்த சுவரில் நிறைந்த இடம் என்ற கணக்கு நம் பட்டிக்கும் பொருந்தும்.

அடுத்து நோய். ஆட்டம்மைக் கிருமி நிழலான பட்டியில் ஆறு மாதம் வரைகூட உயிரோடிருக்கும். ஆகவே அம்மை கண்ட பட்டியைக் கழுவாமல் விற்பது நோயையும் சேர்த்து விற்பதாகும். ஒட்டியுள்ள புழுக்கையையும் ரோமத்தையும் முதலில் சுரண்டி எடுக்கவும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி, சற்று நேரம் விட்டு, நல்ல நீர் ஊற்றி, பல நாள் வெயிலில் காயவிடவும். நல்ல நீர் ஊற்றாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மூங்கில், முள் படல்களின் இடுக்குகள் சுத்தமாவது கடினம். நோய் கண்ட பட்டியாயின் அவற்றை எரித்துவிடுவதே மேல். எந்த நோய் எப்போது வந்தது என்பதை வாங்குபவரிடம் மறைக்கலாகாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது நாய்த் தொல்லை. 2024, 2025 ஆண்டுகளில் இப்பகுதியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஆகவே படல்களை விலை பேசுமுன் நிறுத்திப் பார்க்கவும். கீழே சந்து இருக்கிறதா, வலைக்கம்பி துருவேறி இற்றிருக்கிறதா, பற்றவைத்த இடங்கள் விட்டிருக்கின்றனவா, நாய் தாண்ட முடியாத உயரமா என்று ஒவ்வொரு படலாகச் சோதிக்க வேண்டும். நைலான் வலையை நாய் கடித்துக் கிழித்துவிடும். அதை மட்டும் நம்பி ஆட்டை அடைக்க வேண்டாம்.

ஆட்டெருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 சதவீதம் உள்ளது. வேலியோரம் கிடக்கும் பட்டி யாருக்கும் எரு தராது. சுத்தம் செய்து, குறையைச் சொல்லி, நியாய விலைக்குக் கொடுத்தால் மற்றொருவர் காடு வளம் பெறும்.