இரட்டையாய் வரும் சொற்கள்: ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடம்



ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எனக்கு அறிமுகமான வியாபாரி ஒருவர் கையில் முத்திரைத் தாள் ஒன்றுடன் என்னைத் தேடி வந்தார். அவரும் வேறு இருவரும் சேர்ந்து ஒரு கடையை வாடகைக்கு எடுத்திருந்தனர். வியாபாரம் நொடித்ததும் மற்ற இருவரும் விலகிக்கொண்டனர். பாக்கி வாடகை முழுவதையும் கடைக்காரர் இவரிடமே கேட்கிறார். "மூன்றில் ஒரு பங்குதானே ஹஜ்ரத் என் பொறுப்பு? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்த ஒப்பந்தத்தில், வாடகையைச் செலுத்த 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' உறுதி கூறுகிறோம் என்றிருந்தது. 'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளியில் படித்த நினைவில், 'பலராகச் சேர்ந்து' என்பதுதான் பொருள் என அவர் கையெழுத்திட்டுவிட்டார். சட்ட மொழியில் 'செவரலி' என்பதற்குப் பொருள் 'தனித்தனியாக' என்பதாகும். ஆகவே, மூவரும் கூட்டாகவும் பொறுப்பு. ஒவ்வொருவரும் தனியே முழுத்தொகைக்கும் பொறுப்பு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்படாத நிலையில், கூட்டாக வாக்களித்தவர்களில் எவரிடமும் முழுமையாக நிறைவேற்றும்படி கேட்கலாம் என்றே கூறுகிறது. முழுவதையும் செலுத்தியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. அந்த ஆறுதலை மட்டுமே அவருக்கு என்னால் சொல்ல முடிந்தது.

வினைக்கு முன்னே இணைந்து நிற்கும் இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும் என்பதை அன்று கண்டேன். ஆங்கிலத்தில் இவ்வாறு இரட்டையாய் வரும் வினையடைகளைப் பற்றி, நம் பிள்ளைகளுக்கும் பயன்படும் வகையில் சிலவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள வேறுபாடு

வினையை அழுத்திச் சொல்ல ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி உண்டு. அரபியில் வினையின் மூலச்சொல்லையே பின்னால் சேர்ப்பார்கள். 'ளரப்து ளர்பன்' என்று மதரஸாவில் முதலாம் ஆண்டிலேயே மாணவர் ஓதும் 'மஃப்ஊல் முத்லக்' இதுதான். தமிழில் ஒரே சொல்லை அடுக்குகிறோம்: மெல்ல மெல்ல நடந்தான், திரும்பத் திரும்பக் கேட்டான். ஆங்கிலமோ பெரும்பாலும் வெவ்வேறான இரு சொற்களை 'அண்ட்' அல்லது 'பட்' கொண்டு இணைக்கிறது. 'ஸ்லோலி ஸ்லோலி' என்று நம் பிள்ளைகள் சொல்வது தமிழ் அடுக்குத்தொடரின் நிழல். ஆங்கிலேயர் 'ஸ்லோலி பட் ஷூர்லி' என்பர். மெதுவாக நடந்தாலும் உறுதியாக நடக்கிறது என்னும் கருத்து அந்தப் 'பட்'டில் அடங்கியிருக்கிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. 'சீரும் சிறப்புமாக', 'கண்ணும் கருத்துமாக' என்று எழுதும்போது 'ஆக' என்னும் விகுதி இறுதியில் ஒருமுறை வந்தால் போதும். ஆங்கிலத்தில் அப்படி மிச்சம் பிடிக்க இயலாது. 'கொயட் அண்ட் பேஷண்ட்லி' என்று எழுதும் மாணவன் தமிழ் வழியில் சிந்திக்கிறான். 'கொயட்லி அண்ட் பேஷண்ட்லி' என இரண்டிலும் 'லி' வரவேண்டும்.

எங்கே நிற்க வேண்டும்?

'ஷி கொயட்லி அண்ட் பேஷண்ட்லி ஆன்ஸர்ட் த கொஸ்சன்' என்று வினைக்கு முன்னால் வைக்கலாம். 'கொஸ்சன்' என்பதற்குப் பின் வாக்கியத்தின் இறுதியிலும் வைக்கலாம். ஆனால் 'ஆன்ஸர்ட்' என்பதற்கும் 'த கொஸ்சன்' என்பதற்கும் நடுவே நுழைத்தால் காதுக்கு இடறும். 'வில்', 'ஹேவ்' போன்ற துணைவினை இருந்தால், அதற்கும் முக்கிய வினைக்கும் இடையே இந்த இணை அமரும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே உள்ளது. அமைச்சர் பதவியேற்கும்போது தம் கடமையை 'ஃபெய்த்ஃபுல்லி அண்ட் கான்ஷியன்ஷியஸ்லி' ஆற்றுவதாக உறுதி கூறுகிறார். அவ்விரு சொற்களும் 'வில்' என்பதற்கும் 'டிஸ்சார்ஜ்' என்பதற்கும் இடையில் நிற்கின்றன. முதற்சொல் ஏற்ற பொறுப்புக்கு விசுவாசமாக இருத்தலையும், அடுத்த சொல் மனச்சான்றுக்கு உட்பட்டு நடத்தலையும் குறிக்கும். ஒன்று மற்றொன்றின் எதிரொலி அன்று.

ஒரே பொருளா, இரு பொருளா?

இணைகளில் சில வெறும் அழுத்தத்திற்காகவே வருபவை. 'வெல் அண்ட் ட்ரூலி' என்றால் 'முழுக்க முழுக்க' என்பதற்கு மேல் பொருள் இல்லை. வரிசையை மாற்றி 'ட்ரூலி அண்ட் வெல்' என்று எவரும் சொல்வதும் இல்லை. வேறு சில இணைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பொருள் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 'டிஸ்ஆனஸ்ட்லி' என்பதற்கு 24ஆம் பிரிவும், 'ஃப்ராடுலண்ட்லி' என்பதற்கு 25ஆம் பிரிவும் தனித்தனியே இலக்கணம் வகுத்தன. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே விளக்குகிறது. அன்றாடப் பேச்சில் நாம் ஒன்றாக எண்ணும் இரு சொற்கள் நீதிமன்றத்தில் இரண்டாக நிற்கின்றன!

விண்ணப்பம் எழுதுவோர் கவனிக்க

வேலைக்கும் கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கும் நம் இளைஞர் பலர் 'ஐ ஹம்ப்ளி அண்ட் கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று தொடங்குகின்றனர். பணிவு கேட்பவருக்கு உரியது. ஆகவே 'ஹம்ப்ளி' பொருந்தும். 'கைண்ட்லி' என்பதோ தயவுடன் கொடுப்பவருக்கு உரியது. கேட்பவரே தம்மைத் தயவுள்ளவர் என்று சொல்லிக்கொள்ளலாமா? இணைந்து வரும் இரண்டு சொற்களும் அந்த வினையைச் செய்பவருக்குப் பொருந்துகின்றனவா என்று எழுதுமுன் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சொல் புதிதாக எதையும் சொல்லவில்லையெனில் அதை விட்டுவிடுங்கள். ஒரு சொல்லே போதும்.

படிக்கும்போது செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. பிறர் எழுதிய பத்திரத்தில் இத்தகைய இணையைக் கண்டால், இரண்டாவது சொல்லை அலங்காரம் என்று கருதித் தாண்டிச் செல்லாதீர்கள். அது தனியே என்ன சொல்கிறது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்த வியாபாரி தவணை முறையில் பாக்கியைச் செலுத்தி வருகிறார். பங்காளிகளில் ஒருவர் தம் பங்கைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர் இன்னும் முகம் காட்டவில்லை. சென்ற மாதம் வியாபாரி தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். "இவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக் கொடுங்கள் ஹஜ்ரத். கையெழுத்துப் போடுமுன் படிக்கத் தெரிய வேண்டும்" என்றார். பையன் இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறான்.