துண்டு தடுக்காத தூசி

இன்னைக்கு எபிசோடை ஒரு காபியோட ஆரம்பிக்கலாம். தாராசுரம் கோயிலைப் பார்த்துட்டு வெளியே வந்தா மனசு தேடுறது டிகிரி காபியைத்தான். அந்தக் காபிக்கொட்டை வறுபடுறதுக்கு முன்னாடி, பச்சையா இருக்கும்போது கிளம்புற தூசி, மூட்டை கையாளுற சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மருத்துவத்துல இது பழைய செய்தி. ஆனா தாராசுரத்தைச் சுத்தி விளையறது நெல். அப்போ நெல் தூசி என்ன பண்ணும்?

"சாப்பிடுற பொருள்தானே"ன்னு தோணும். ஆனா அந்தத் தூசியில உமியோட நுண்துகள், ஈர நெல்லுல வளர்ந்த பூஞ்சையின் வித்துகள், பாக்டீரியா செத்த பிறகும் மிஞ்சுற எண்டோடாக்சின் எல்லாம் கலந்திருக்கும். பாய்லர்ல உமியை எரிச்சா வர்ற சாம்பல்ல 80 சதவீதத்துக்கு மேல சிலிக்கா.

கொள்முதல் நிலையத்துல நெல்லைத் தூற்றும்போது, ரைஸ் மில்லுல மூட்டையைப் பிரிச்சுக் கொட்டும்போது, உமி நீக்கும்போது, சாம்பல் அள்ளும்போது இதெல்லாம் காத்துல ஏறும். பெரிய துகள் மூக்கோட நின்னுடும். 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது நுரையீரலின் கடைசி காற்றறை வரைக்கும் போகும். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். முகத்துல கட்டுற துண்டோட இழை இடைவெளியில இந்தத் துகள் சுலபமா நுழைஞ்சிடும்.

விளைவு ரெண்டு விதம். ஒண்ணு, மூச்சுக்குழாய் சுருங்கி வர்ற இருமலும் இழுப்பும். இன்னொண்ணு, காற்றறையிலேயே வர்ற ஒவ்வாமை அழற்சி. வேலை முடிஞ்சு 4 முதல் 8 மணி நேரம் கழிச்சு குளிர், காய்ச்சல், மூச்சுத்திணறல். பார்க்க சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கிறதால மாத்திரை போட்டுட்டு மறுநாள் வேலைக்குப் போயிடுவாங்க. வருஷக்கணக்கா இப்படியே போனா நுரையீரல்ல தழும்பு விழும். அது திரும்ப சரியாகாது.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: லீவு நாள்ல குறையுதா, வேலைக்குப் போனதும் கூடுதா? ஆமான்னா, டாக்டர்கிட்ட வேலையைச் சொல்லி, ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லணும். கரிமத் தூசியால வர்ற இந்த அழற்சி, இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியல்லயும் இருக்கு. ஆனா மருத்துவச் சீட்டுல "நெல் மில் வேலை"ன்னு ஒரு வரிகூட இல்லைன்னா, அந்த உரிமையைக் கேட்கிறது கஷ்டம்.

தடுப்பு மெஷின்ல இருந்து தொடங்கணும்: தூசி கிளம்புற இடத்தை மூடி, உறிஞ்சி வெளியேத்தணும். துடைப்பத்தால பெருக்குறதுக்குப் பதிலா வேக்குவம். N95 மாஸ்க் அதுக்கு அப்புறம்தான்.

உங்க சித்தப்பாவோ பெரியப்பாவோ மில்லுல மூட்டை தூக்குறாரா? இன்னைக்கு போன் பண்ணி அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.