மெஷின் செதுக்கியதா, கை செதுக்கியதா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கல்வராயன் மலைக்கு வீக்எண்ட் ட்ரிப் கிளம்புற கேங்கா நீங்க? மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைன்னு லிஸ்ட் ரெடியா இருக்கும். கள்ளக்குறிச்சியில ஒரு டீ, அப்புறம் நேரா கச்சிராயபாளையம் ரோடு. பெரும்பாலான பைக்குகள் அப்படித்தான் போகுது. இந்த முறை அந்த டீ பிரேக்கோட ரெண்டு மணி நேரம் சேர்த்து வெச்சுக்கோங்க. மலை எங்கேயும் போயிடாது. ஆனா, கீழே உளி பிடிச்சு உட்கார்ந்திருக்கிற கைகளைப் பத்தி அப்படி உறுதியா சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகள்ல இந்தத் தொழில் நடக்குது. மதுரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கலைஞர்கள் இங்கே தங்களுக்குன்னு ஒரு பாணியை உருவாக்கினாங்கன்னு சொல்றாங்க. மரத்துல பிள்ளையார், பெருமாள், கோயில் வாகனங்கள், கதவு, தொங்கும் பேனல்னு எல்லாம் வரும்.

சரி, புவிசார் குறியீடுன்னா என்ன? இதுக்கான சட்டம் 1999-ல் வந்து, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுல முதல்ல வாங்கினது டார்ஜிலிங் டீ. பதிவகம் இருக்கிறது நம்ம சென்னை கிண்டியிலதான். குறிப்பிட்ட பகுதிக்கு வெளியே செஞ்ச பொருளை அந்த ஊர் பேர் போட்டு விக்கக் கூடாதுங்கிறதுதான் இதோட அடிப்படை. ஆனா ஒரு விஷயம்... சட்டம் பேரைப் பாதுகாக்கும். கண்ணாடி ஷெல்ஃப்ல நிக்கிற பிள்ளையாரை யார் செதுக்கினாங்கன்னு உங்களுக்கு வந்து சொல்லாது. அதை நீங்கதான் பார்த்துக் கண்டுபிடிக்கணும். அதைக் கத்துக்க பட்டறையை விட நல்ல இடம் கிடையாது.

உள்ளே போனதும் முதல்ல கண்ணுல படுறது சிற்பம் இல்லை, கட்டைகள். பச்சை மரத்துல வேலை செஞ்சா காயும்போது வெடிச்சிடும். அதனால நல்லா காய்ஞ்ச மரம்தான் வேலைக்கு வரும். வாகை, தூங்குமூஞ்சி வாகை, தேக்குன்னு மரத்தைப் பொறுத்து விலையும் மாறும். எது என்ன மரம்னு தயங்காம கேளுங்க.

அடுத்தது அளவு. இஷ்டத்துக்குச் செதுக்குறாங்கன்னு நினைச்சா தப்பு. சிற்ப சாஸ்திரத்துல முகத்தோட நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இது நம்ம டேப்ல இருக்கிற இன்ச் இல்லை, அந்தந்தச் சிலையோட உயரத்துக்கு ஏத்த மாதிரி மாறுற ஒரு பங்கு. பெரிய தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது மொத்த உயரம் 124 பங்கு. விரல் நீளச் சிலையோ ஆள் உயரச் சிலையோ, விகிதம் ஒண்ணுதான். போட்டோவை ரெண்டு விரலால பெருசு பண்ற மாதிரிதான், ஆனா கணக்கு முழுக்க மனசுலேயே ஓடும்!

வரைஞ்ச உருவத்தைக் கட்டையில ஏத்தி, முதல்ல தேவையில்லாத மரத்தை மொத்தமா வெட்டி எடுப்பாங்க. அப்புறம் அகல உளி, குழி உளி, கடைசியா நகத்தைவிடச் சின்ன நுனி உளின்னு மாறிக்கிட்டே போகும். உளியைத் தட்டுற மரச்சுத்திக்கு கொட்டாப்புளின்னு பேர். பலர் தரையில உட்கார்ந்து, காலாலேயே கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்வாங்க. அந்தக் காலுக்கும் உளிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க, உங்களுக்கே ஒருமாதிரி ஆயிடும்.

இப்போ முக்கியமான மேட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர்ல டிசைனை ஏத்திவிட்டா தானா செதுக்குற சி.என்.சி மெஷின்கள் மரவேலைக்குள்ள நல்லாவே நுழைஞ்சாச்சு. கை நாள்கணக்குல செய்றதை அது மணிக்கணக்குல முடிச்சிடும். மெஷின் வெச்சிருக்கிறது குற்றம் இல்லை. கட்டையைத் தோராயமா வெட்ட மெஷின், நுணுக்கத்துக்குக் கைன்னு சேர்த்துச் செய்றவங்களும் இருக்காங்க. அதைச் சொல்லி, அதுக்கேத்த விலைக்கு வித்தா யாருக்கும் பிரச்னை இல்லை. மெஷின்ல செஞ்சதைக் கைவேலைன்னு சொல்லிக் குறைஞ்ச விலைக்குத் தள்ளும்போதுதான், நிஜமாவே கையால செய்றவரோட விலை 'அநியாயமா' தெரிய ஆரம்பிக்குது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? சாதாரண மெஷின்ல உளிக்குப் பதிலா சுத்துற ஒரு பிட் மேலேருந்து மட்டும்தான் இறங்கும். அதனால சிலையோட கைக்குப் பின்னாடி, காதுக்கு அடியில, மாலைக்கு உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்க. கைவேலைன்னா அங்கேயும் குடைஞ்சிருக்கும். மெஷின் வேலைன்னா அந்த இடம் அடைச்ச மாதிரி பலகையோட ஒட்டியிருக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. பிட் ஓடின தடம் மெல்லிசா, ஒரே இடைவெளியில, கோடு கோடா தெரியலாம். உளித்தடம் அப்படி இருக்காது, உருவத்தோட வளைவுக்கு ஏத்தபடி திசை மாறும். மூலைகளும் காட்டிக்கொடுக்கும். பிட் உருண்டை என்பதால உள்மூலை மழுங்கி இருக்கும், உளி நறுக்குன்னு வெட்டியிருக்கும். நல்லா உப்புத்தாள் போட்டுட்டா கோடுகள் மறைஞ்சிடும், அதனால ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிடாதீங்க. பக்கத்துல அதே டிசைன்ல இன்னொண்ணு இருந்தா ரெண்டையும் சேர்த்து வைங்க. ஒரே கைதான் செஞ்சிருந்தாலும் ரெண்டு முகமும் கொஞ்சமாச்சும் வேற மாதிரி இருக்கும்.

விலை? 'ஆன்லைன்ல இதுல பாதிக்குக் கிடைக்குதே'ன்னு ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். அதுக்குப் பதிலா, 'இதுக்கு எத்தனை நாள் ஆச்சுண்ணே?'ன்னு கேளுங்க. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருநாள் கூலி ஆயிரம் ரூபாய்னு வெச்சுக்கிட்டா, ஆறு நாள் வேலைக்குக் கூலியே ஆறாயிரம். மரம், பாலிஷ், வாடகை எல்லாம் அதுக்கு மேல. ஐநூறு ரூபாய்க்கு ஒரு நுணுக்கமான சிலை கிடைக்குதுன்னா, அதுல யாரோ ஒருத்தருடைய உழைப்பு கணக்குலேயே வரலைன்னு அர்த்தம். இல்லைன்னா அங்கே உளியே இல்லை. பட்ஜெட் கம்மின்னா பேரம் பேசுறதைவிட, சின்ன சைஸ் கேக்குறது மரியாதை.

ரீல்ஸ் எடுக்கணுமா? 'அண்ணே, வீடியோ எடுத்துக்கலாமா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. சில டிசைன்கள் கோயில் ஆர்டரா இருக்கும், வெளியே போறதை அவங்க விரும்பாம இருக்கலாம். பாதி முடிஞ்ச சிலையா இருந்தாலும் தாண்டிப் போகாதீங்க, செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க. உளி ஓடும்போது தோள்ல தட்டிப் பேசவே கூடாது. எதுவும் வாங்கலைன்னாலும், ஒரு மணி நேரம் அவரோட வேலையை நிறுத்தி வெச்சிருந்தீங்கன்னா, அந்த நேரத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது நியாயம்.

எங்க மேஜைக்கு வர்ற ட்ராவல் ஐடியாக்கள்ல பாதி 'காணாமல்போகும் கலை'ன்னுதான் ஆரம்பிக்கும். பட்டறைக்குள்ள போய் அந்த வசனத்தை மட்டும் பேசிடாதீங்க. அங்க இருக்கிறவருக்கு அது நாளைக்கு டெலிவரி கொடுக்க வேண்டிய வேலை. பையன் இந்தத் தொழிலுக்கு வருவானாங்கிற கேள்விக்குப் பதில், நம்ம அனுதாபத்துல இல்லை, அடுத்த மாச ஆர்டர்ல இருக்கு.

ரயில்ல வர்றவங்க சின்னசேலத்துல இறங்கலாம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் தனியா புவிசார் குறியீடு இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க ரெண்டு ஊர் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நேர்ல வரவே முடியாதுன்னா, தமிழக அரசோட பூம்புகார் விற்பனை நிலையங்கள் இருக்கு.

வாங்கினதும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஊசித்துளையும் மாவு மாதிரி தூளும் இருந்தா, உள்ளே வண்டு இருக்குன்னு அர்த்தம், வேற ஒண்ணு கேளுங்க. பைக்ல கொண்டு போறப்போ நீட்டிக்கிட்டு இருக்கிற கை, தும்பிக்கைக்குத் தனியா துணி சுத்துங்க. வீட்டுல நேரடி வெயிலும் ஏசி காத்தும் படாத இடமா பார்த்து வைங்க. ஈரத்துணி வேண்டாம், காய்ஞ்ச பிரஷ் போதும். பில்லு வாங்கும்போது செஞ்சவரோட பேரையும் அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க.