ஆளுக்கொரு சாதம், மொட்டைமாடியில் நிலா

தீம் பார்ட்டி என்றதும் பலூன் வளைவு, பெயர் அச்சடித்த பேனர், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடை, கிளம்பும்போது கையில் ரிட்டர்ன் கிஃப்ட் என்று கணக்கு ஏறத் தொடங்கிவிடுகிறது. அவை இல்லாமலும் தீம் உண்டு. வீட்டு விருந்துக்கு அது தேவைப்படுவதே வேறு காரணத்துக்காக. “என்ன கொண்டு வரட்டும்?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். “ஒண்ணும் வேணாம்க்கா, சும்மா வாங்க” என்போம். அவர் கடைசி நிமிடத்தில் ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு வருவார். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் அப்படியே. ஐந்து பாக்கெட் ஸ்வீட் மேசையில் இருக்கும், சமையல் முழுக்க நம் தலையில் இருக்கும். “ஆளுக்கொரு கலந்த சாதம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வேலை தானாகப் பிரிந்துவிடும். யார் வீட்டுப் புளியோதரை, காரம் யார் கை என்று பேச்சும் அங்கிருந்தே கிளம்பும்.

இதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் சித்ரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. ஆறு பக்கத்தில் இல்லாதவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. நிலாச்சோறுதான் நான் முதலில் சொல்லும் தீம்.

தேதி குறிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பௌர்ணமியன்று நிலா ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில் உதிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும். பௌர்ணமி புதன்கிழமை வருகிறது, நமக்கோ சனிக்கிழமைதான் தோது என்றால், அடுத்து வரும் சனிக்கிழமையில் இரவு எட்டரைக்கு மேல்தான் நிலா தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். முந்தைய சனிக்கிழமை என்றால், பொழுது சாயும்போதே நிலா வானத்தில் நன்றாக ஏறியிருக்கும். கொஞ்சம் குறைநிலாவாக இருந்தாலும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை விட்டுவிடலாம். தை முதல் சித்திரை வரை மாடிக்கு ஏற்ற காலம்.

அளவு எளிது. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 2 கிலோ. ஐந்து வீடு என்றால் வீட்டுக்கு 400 கிராம், அவ்வளவே. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர் என்று ஐந்தையும் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சுலபம் என்று மூன்று வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் வந்து நிற்கும். புளிக்காய்ச்சலில் பேர் வாங்கிய கை எது என்று ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். புளியோதரையை மதியமே கிளறி வைத்தால் ஊறி ருசி கூடும். தேங்காய் சாதம் சீக்கிரம் கெடும், அதனால் கிளம்புவதற்குச் சற்று முன்பு கிளறினால் போதும். தயிர் சாதத்தில் பாலை நிறைய விட்டுத் தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் சாப்பிடும் வேளைக்குப் புளிக்காமல் இருக்கும். சமைக்கத் தெரியாத பேச்சலர் பையன்களை ஒதுக்கிவிடக் கூடாது: அப்பளம், சிப்ஸ், தண்ணீர் கேன், வாழையிலை, பாய் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாடிக்குப் பாய் தூக்கிப் போவதும் வேலைதான்.

எல்லாரும் உட்கார்ந்ததும் மாடி டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். படிக்கட்டு விளக்கு மட்டும் எரியட்டும். அலங்காரத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இதைவிடப் பொருந்தும் தீம் ஒன்று உண்டு: சொந்த ஊர். சென்னை, கோவை, ஓசூரில் ஒரு பிளாக்கில் பத்து வீடு இருந்தால் ஏழெட்டு ஊராவது இருக்கும். ஆனால் லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதோடு சரி, எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டோம். ஆளுக்கொரு ஊர்ப் பலகாரம் என்று சொல்லிப் பாருங்கள். திருநெல்வேலி அல்வா, சாத்தூர் காராசேவு, தூத்துக்குடி மக்ரூன், ஊட்டி வர்க்கி, ஆற்காடு மக்கன்பேடா என்று மேசை நிறையும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால் அன்று அவர் பேச்சை நிறுத்த முடியாது. ஊரிலிருந்து வரவழைக்க முடியாதவர்கள் அந்த ஊர்ப் பக்குவத்தில் ஒரு சட்னி அரைத்துக் கொண்டுவந்தாலும் போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து குடியிருப்பவர்களையும், வாசலில் காவலுக்கு இருப்பவரையும் சேர்த்தே அழையுங்கள். இந்தத் தீமில் அவர்கள் கொண்டுவருவதுதான் மற்றவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

பிரான்ஸில் அக்கம்பக்கத்தாருக்கென்றே ஒரு திருநாள் வைத்திருக்கிறார்கள். 1999-ல் பாரிஸில் தொடங்கியது. மே மாதக் கடைசியில் குடியிருப்பின் முற்றத்தில் மேசையைப் போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது.

உறவுக்காரர்கள் மட்டும் கூடும் நாளுக்குப் பழைய விளையாட்டு நல்ல தீம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்திருக்கும்போது பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குங்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போட்டுக்கொள்ளலாம், சோழிக்குப் பதில் புளியங்கொட்டை. தாயத்துக்கும் அதே சாக்பீஸ் போதும். தாயக்கட்டையில் எத்தனை விழுந்தால் மறு ஆட்டம், வெட்டாமல் உள்ளே பழம் போகலாமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அந்தச் சண்டைதான் பாதி விளையாட்டு. பாட்டிக்கு எதிராகப் பேரன் ஆடட்டும். தோற்றாலும் அலைபேசி பக்கம் போக மாட்டான்.

நண்பர்கள் கூட்டமென்றால் பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற அதே விளையாட்டு. எழுத்தைக் கொடுப்பதோடு நிறுத்தாமல் ‘மழைப் பாட்டு மட்டும்’, ‘எண்பதுகளில் வந்த படம் மட்டும்’ என்று வரம்பு வைத்தால் சூடு பிடிக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. அழைக்கப்படாத வீட்டுக்காரர் ஒருவர் கதவைத் தட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வாயால் பாடலாம். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நன்றாகப் பாடுகிறார்கள்.

வைகாசி வெயிலில் மாடியும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம் என்று தோன்றினால் மாம்பழத்தைத் தீமாக வைத்துவிடலாம். மாங்காய் சாதம், பச்சடி, மோர்க்குழம்பு, பழம். சமையலும் குறைவு.

எந்தத் தீமாக இருந்தாலும் அழைக்கும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. சைவமா, சர்க்கரை உண்டா, எந்தப் பிள்ளைக்காவது கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாதா? சாதத்தில் வறுத்த கடலை கண்ணுக்குத் தெரியும், சட்னியில் அரைத்தது தெரியாது. புளியோதரை தவிர, சமைத்த மற்றவற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் பரிமாறிவிட வேண்டும். சோறு கெட்டால் வாசனையில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம், எப்போதும் தெரிவதில்லை. தட்டுக்கு வாழையிலை, மந்தார இலை, பாக்குமட்டை எதுவும் சரி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக், தெர்மாகோல் தட்டுகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

பிறகு பாத்திரம். பேர் வெட்டிய எவர்சில்வர் அடுக்கு வீட்டில் இருந்தால் அதில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்தில் சும்மா பேர் வெட்டவில்லை. இல்லாதவர்கள் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வீட்டு எண்ணை எழுதிவிடலாம். மூடிக்கும் கரண்டிக்கும் தனித்தனியாக ஒட்ட வேண்டும், பெரும்பாலும் இடம் மாறிப்போவது அவைதான்.